துளையைப் பார்த்து வாங்குங்கள்

வாசகர் கேள்வி – பதில்

புறக்கோட்டையில் பேனாவும் மணிக்கூடும் திருத்துகிற எனக்கு இந்தப் பத்தியில் வரும் கேள்விகள் பெரும்பாலும் மை கசிவது பற்றியும் முள் நிற்பது பற்றியும்தான். போன இதழில் ஒரு பதிலின் கடைசியில், பழைய பேனாவின் உடலும் புகையிலை பிடிக்கும் சுங்கானின் வாய்க்குழலும் எபொனைட் என்னும் ஒரே கெட்டி இறப்பர்தான், இரண்டையும் ஒரே மேசையில் வைத்துத்தான் திருத்துகிறேன் என்று எழுதியிருந்தேன். அந்த ஒரு வரிக்கு இத்தனை கடிதங்கள் வரும் என்று ஆசிரியரும் நினைக்கவில்லை. ஒரு நிபந்தனையோடு பதில் எழுதுகிறேன். சுங்கானைப் பற்றிக் கேளுங்கள். எந்தப் புகையிலை நல்லது, எங்கே கிடைக்கும் என்று கேட்காதீர்கள். 2006ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டம் புகையிலை விளம்பரத்தைத் தடை செய்திருக்கிறது. நான் ஆர்வத்தில் ஒரு பெயரைச் சொல்லப்போய், ஆசிரியர் நீதிமன்றப் படி ஏறக் கூடாது.

கேள்வி: எனக்கு வயது முப்பத்து நான்கு. தனியார் நிறுவனமொன்றில் கணக்கு எழுதுகிறேன். சுங்கான் ஒன்று வாங்க வேண்டும் என்பது நெடுநாள் ஆசை. கொள்ளுப்பிட்டியில் ஒரு கடையின் கண்ணாடிக்குள் பார்த்ததன் விலை என் ஒரு மாத வீட்டு வாடகைக்குக் கிட்ட வருகிறது. கைத்தொலைபேசியில் தேடினால் அதே வடிவம் இரண்டு கொத்துரொட்டியின் விலைக்கு இருக்கிறது. எதை வாங்குவது?
– ஒரு வாசகர், வெள்ளவத்தை

பதில்: இரண்டையும் விட்டுவிடுங்கள், ஐயா. முதலாவது உங்களுக்கு இப்போது தேவையில்லை. இரண்டாவது எவருக்குமே தேவையில்லை. நீங்கள் இதுவரை எதையும் புகைக்காதவர் என்றால், கீழே பம்பலப்பிட்டி வாசகிக்கு எழுதியிருப்பதைப் படித்துவிட்டு இங்கே திரும்பி வாருங்கள்; வராமலே விட்டாலும் எனக்கு வருத்தமில்லை.

சுங்கானுக்குக் கொடுக்கும் பணம் எங்கே போகிறது என்று தெரிந்தால் பாதிக் குழப்பம் தீரும். நல்ல சுங்கான்களில் புகையிலை போடும் கிண்ணம் பிரையர் என்னும் கட்டையில் கடைந்தது. மத்தியதரைக் கடலோரங்களில் வளரும் எரிக்கா ஆர்போரியா என்ற செடியின் வேருக்கும் தண்டுக்கும் இடையில், மண் மட்டத்தில் திரளும் முண்டு அது. கோர்சிகா, இத்தாலியின் கலாப்ரியா, அல்ஜீரியா, கிரேக்கம் ஆகிய இடங்களில் தோண்டி எடுக்கிறார்கள். துண்டு போட்டு, மணிக்கணக்கில் அவித்துச் சாற்றை வெளியேற்றி, மாதக்கணக்கில் உலர்த்திய பிறகுதான் கடைசல் இயந்திரத்துக்கு வரும். நெருப்புக்குச் சட்டென்று கருகாது, ஈரத்தை உறிஞ்சும், கையில் கனக்காது. பிரான்சின் ஜூரா மலைப்பகுதியிலுள்ள சென் குளோட் என்ற சிறிய ஊர் 1850களிலிருந்து இந்தக் கட்டையைக் கடைந்தே பெயர் பெற்றது.

இந்த முண்டுக்குள் மண்ணும் சிறு கல்லும் அகப்பட்ட குழிகள் இருக்கும். கடையக் கடையத்தான் அவை வெளியே வரும். ஒரு குழியும் இல்லாமல், ரேகை நேராக ஓடும் கிண்ணம் அரிது. நீங்கள் கண்ணாடிக்குள் பார்த்தது அந்த அரிய சாதியாக இருக்கலாம், அல்லது பெயருக்காக விலை ஏறியதாக இருக்கலாம். குழி விழுந்தவற்றைத் தூக்கி எறிந்துவிடுவதில்லை. பசை வைத்து அடைத்துச் சாயம் பூசுகிறார்கள். அல்லது மேற்பரப்பில் மணலை விசையோடு வீசிச் சொரசொரப்பாக்கிவிடுகிறார்கள். குழி மறைந்துவிடும், விலையும் இறங்கிவிடும். வெளியே சொரசொரப்பாக இருப்பது உள்ளே எரியும் நெருப்புக்குத் தெரியாது. ஆகவே பணம் குறைந்தவர் தேட வேண்டியது சொரசொரப்பான, கருமையான, பெயர் இல்லாத பிரையர். பளபளப்புக்குக் கொடுக்கும் பணம் பார்ப்பவர்களுக்காகக் கொடுக்கும் பணம்.

துளை அப்படியல்ல. அதில் குறை இருந்தால் எவ்வளவு விலை உயர்ந்த கட்டையும் வீண். கடைக்குப் போகும்போது ஒரு பைப் கிளீனரை, அதாவது பஞ்சு சுற்றிய மெல்லிய கம்பியை, சட்டைப்பையில் கொண்டுபோங்கள். வாயில் வைக்கும் முனையிலிருந்து அதை உள்ளே விடுங்கள். சுங்கானைக் கழற்றாமல், அது தட்டாமல் தடுக்காமல் கிண்ணத்துக்குள் எட்டிப் பார்க்க வேண்டும். நடுவில் நின்றுவிட்டால், தண்டின் துளையும் வாய்க்குழலின் துளையும் ஒன்றையொன்று சந்திக்கவில்லை என்று பொருள். அந்த இடத்தில் ஈரம் தேங்கும். இழுக்கும்போதெல்லாம் களகளவென்று சத்தம் கேட்கும். கசப்பு நீர் நாக்கில் வந்து விழும். அடுத்து, கிண்ணத்தை வெளிச்சத்தில் சாய்த்து உள்ளே பாருங்கள். புகைத்துளை கிண்ணத்தின் அடித்தளத்தில், நடுவில் திறக்க வேண்டும். இரண்டு மூன்று மில்லிமீற்றர் மேலே திறந்தால் அடியிலுள்ள புகையிலை எரியாமல் ஈரக்களியாகக் கிடக்கும். பக்கவாட்டில் ஒதுங்கியிருந்தால் ஒரு பக்கச் சுவர் மட்டும் சூடேறும். பிறகு வெறும் சுங்கானை வாயில் வைத்துக் காற்றை இழுங்கள். இளநீரை உறிஞ்சுகுழலில் இழுப்பது போல இலகுவாக வர வேண்டும். விசில் அடித்தாலோ கன்னம் ஒட்டினாலோ கீழே வைத்துவிட்டு வெளியே வாருங்கள். கடைக்காரர் 'பழகப் பழகச் சரியாகிவிடும்' என்பார். துளை பழகாது.

இன்னும் சில அளவுகள். கிண்ணத்தின் உள்வாய் 18 முதல் 20 மில்லிமீற்றர் அகலம். உங்கள் சுட்டுவிரல் ஓரளவு தாராளமாக நுழையும். ஆழம் 35 மில்லிமீற்றர் அளவில் போதும். சுவர் மெலிந்திருக்கக் கூடாது. மெலிந்தால் புதியவரின் அவசர இழுப்புக்கு விரல் சுடும். உள்ளே கருமையான பூச்சு இருந்தால் பயப்படாதீர்கள், முதல் சில தடவைகள் கட்டையைக் காக்க அப்படிப் பூசுவது வழக்கம். வெளியே கண்ணாடி மாதிரி வார்னிஷ் இருந்தால் பயப்படுங்கள், சூட்டில் கொப்பளிக்கும்.

கைத்தொலைபேசியில் பார்த்ததற்கு வருகிறேன். எபோனி என்றோ ரோஸ்வூட் என்றோ மரத்தின் பெயரைப் போட்டிருப்பார்கள். அந்தச் சாதிச் சுங்கான்கள் என் மேசைக்கும் வருகின்றன. கிண்ணத்தின் உள்ளே வரை வார்னிஷ், தண்டுக்குள் எதற்கென்று தெரியாத ஒரு உலோகக் குழாய், ஓரிடத்தில் விரிந்து ஓரிடத்தில் நெருங்கும் துளை. நெருப்பு வைத்தால் முதலில் மணப்பது சாயம்தான். அதைத் திருத்த நான் கேட்கும் கூலி அதன் விலையைவிடக் கூடுதலாகிவிடும். திருத்தினாலும் அது சுங்கானாகாது.

அப்படியானால் எங்கே வாங்குவது என்பீர்கள். வெள்ளவத்தையில் வீட்டுக்கொருவர் வெளிநாட்டில் இருக்கிறார். அவர் விடுமுறைக்கு வரும்போது சொக்கலேற்றைக் குறைத்துக்கொண்டு ஒரு சுங்கானைக் கொண்டுவரச் சொல்லுங்கள். லண்டனில் இருப்பவரென்றால் பால்கன் கேளுங்கள். அலுமினியத் தண்டும் திருகிக் கழற்றும் பிரையர் கிண்ணமுமாக இருக்கும். பார்வைக்கு ஆய்வுகூடச் சாமான் மாதிரி, ஆனால் கழுவுவதற்கு இதைவிட எளிதானது கிடையாது. தண்டு ஒன்று இருந்தால் கிண்ணத்தை மட்டும் பிறகு மாற்றிக்கொள்ளலாம். டொரொண்டோவில் இருப்பவரென்றால் பிரிகம். மேப்பிள் மரத்தாலான ஒரு குச்சியை வடிகட்டியாகச் செருகியிருப்பார்கள். ஜேர்மனியில் இருப்பவரிடம் மட்டும் ஒரு எச்சரிக்கையோடு சொல்லுங்கள். அங்கே 9 மில்லிமீற்றர் வடிகட்டிக்கான அகலத் துளை வழக்கம். வடிகட்டிகளும் ஒரு பெட்டி வர வேண்டும், இல்லாவிட்டால் துளையைச் சுருக்கும் இணைப்பு வர வேண்டும். இரண்டும் இல்லாத வெறும் குழிக்குள் ஈரம் குடியேறிவிடும்.

வெளிநாட்டில் யாருமே இல்லையென்றால் அடுத்த பதிலைப் படியுங்கள்.

கேள்வி: சோளப்பொத்தியிலும் சுங்கான் செய்கிறார்கள் என்று என் நண்பர் பந்தயம் கட்டுகிறார். பகிடிக்குச் சொல்கிறாரா?
– ஒரு வாசகர், கொட்டாஞ்சேனை

பதில்: பந்தயப் பணத்தைக் கொடுத்துவிடுங்கள். அமெரிக்காவில் மிசூரி மாநிலத்தில் வாஷிங்டன் என்றொரு ஊர் இருக்கிறது. தலைநகரம் அல்ல, ஆற்றங்கரைச் சிற்றூர். அங்கே ஹென்றி டிபி என்ற கடைசல்காரர், ஒல்லாந்திலிருந்து குடியேறியவர், 1869இல் சோளக்கட்டையைக் கடைந்து சுங்கானாக விற்கத் தொடங்கினார். மணிகளை உதிர்த்த பிறகு எஞ்சும் அந்தக் கட்டையின் மேலுள்ள சொரசொரப்பான குழிகளைப் பாரிஸ் சாந்தால் மெழுகித் தேய்த்தார். 1878இல் அதற்குக் காப்புரிமையும் பெற்றார். மிசூரி மீர்ஷாம் என்ற அந்தக் கம்பனி இன்றும் அதே ஊரில் அதையே செய்கிறது. இரண்டாம் உலகப் போர்ப் படங்களில் அமெரிக்க ஜெனரல் மக்காதர் வாயில் நீட்டிக்கொண்டிருக்கும் நெடிய சுங்கான் இந்தச் சோளக்கட்டைதான்.

வெள்ளவத்தை வாசகருக்கு நான் சொல்ல விரும்புவதும் இதையே. அமெரிக்காவில் இதன் சாதாரண வகைகள் பத்துப் பதினைந்து டொலர் அளவில் கிடைப்பவை. கொழும்பில் கண்ணாடிப் பெட்டிக்குள் இதை வைக்க மாட்டார்கள், கௌரவம் போதாது. ஆனால் வெளிநாட்டிலிருந்து தபாலில் வருவித்தாலும், வரியும் கட்டணமும் சேர்த்தும், ஒரு நடுத்தரப் பிரையரை விடக் குறைவாகவே வரும். வருவிக்குமுன் சுங்கத்தின் நிலைமையை விசாரித்துவிடுங்கள். இறக்குமதி விதிகள் நம் நாட்டில் மழை மாதிரி, குடையோடு போவது நல்லது.

பிரையரைப் போல இதைப் பழக்கி எடுக்க வேண்டியதில்லை. முதல் நெருப்பிலிருந்தே ஒழுங்காக எரியும். பாரமே இல்லாதது, பல்லில் கடித்துக்கொண்டு பேப்பர் படிக்கலாம். ஒரு குறை உண்டு. மரத் தண்டின் முனை கிண்ணத்தின் அடியில் சற்று உள்ளே நீட்டிக்கொண்டிருக்கும். கடைசித் துகள்வரை எரித்தே தீருவேன் என்று அடம்பிடித்தால் அந்த முனை கருகி, கெட்ட மணம் வரும். அடியில் கொஞ்சம் மிச்சம் விட்டுக் கொட்டிவிடுங்கள். உள்ளே ஒரு கடதாசி வடிகட்டி இருக்கும். எடுத்தாலும் குற்றமில்லை.

விலை குறைவு என்பதால் ஒன்றுக்கு இரண்டாக வாங்குங்கள். இது சோளக்கட்டைக்கு மட்டும் சொல்வதல்ல. ஒரு சுங்கானைப் பிடித்த பிறகு குறைந்தது ஒரு நாள் ஆற விட வேண்டும். கொழும்பின் கடற்காற்றில் ஒரு நாளில் துவாலையே காய்வதில்லை. சுங்கான் எங்கே காயப்போகிறது? நாட்டுக்கு நாடு எழுதிவைத்திருக்கும் 'இருபத்து நான்கு மணி நேரம்' என்ற கணக்கை நாம் இரண்டு நாளாக எடுத்துக்கொள்ளலாம். விலையுயர்ந்த ஒரே சுங்கானை நாள்தோறும் ஈரத்தோடு பிடிப்பவரை விட, மலிவான இரண்டை மாறி மாறிப் பிடிப்பவருக்கு வாய் கசப்பதில்லை.

கேள்வி: நேரானதா, வளைந்ததா?
– ஒரு வாசகர், தெஹிவளை

பதில்: நேரானது. பைப் கிளீனர் தடையில்லாமல் ஓடும், செய்பவர் துளையில் பிழை விட வாய்ப்பும் குறைவு. வளைந்தது பல்லுக்குச் சுமை குறைவு என்பது உண்மை. அது இரண்டாவது சுங்கானுக்கான கவலை.

கேள்வி: எனக்கு வயது பத்தொன்பது. முதல் சுங்கானுக்கு எவ்வளவு ஒதுக்கலாம்?
– ஒரு வாசகர், மருதானை

பதில்: ஒரு சதமும் வேண்டாம், தம்பி. 21 வயதுக்குக் குறைந்தவர்களுக்குப் புகையிலை விற்பதை மேலே சொன்ன அதே சட்டம் தடுத்திருக்கிறது. பேனா ஒன்று வாங்குங்கள். அதைப் பற்றி எழுதிக் கேட்டால் இரண்டு பக்கம் பதில் தருகிறேன்.

கேள்வி: யாழ்ப்பாணத்தில் எங்கள் அப்பு சுருட்டுப் பிடித்தவர். அந்தப் புகையிலையை உதிர்த்துச் சுங்கானில் போட்டால் செலவு மிச்சமாகுமே?
– ஒரு வாசகர், வெள்ளவத்தை

பதில்: செலவு மிச்சமாகும், தலை சுற்றும்.

யாழ்ப்பாணப் புகையிலையைக் குறைத்துச் சொல்ல எனக்கு மனம் வராது. ஒல்லாந்தர் காலத்திலும் ஆங்கிலேயர் காலத்திலும் குடாநாட்டின் பெரிய வியாபாரமே அதுதான். தோணி தோணியாகத் திருவிதாங்கூருக்குப் போனது. அங்கே அரசாங்கமே தனியுரிமை வைத்து விற்று வருமானம் பார்த்தது. ஆனால் அது வெற்றிலையோடு சப்பவும் சுருட்டாகச் சுற்றவும் வளர்த்துப் பாடம் பண்ணிய இலை. காரம் மிகுந்தது. சுங்கானுக்கென்று கலப்பவை வேறு. வேர்ஜீனியா, பேர்லி, துருக்கிப் பக்கத்துச் சிறிய இலைகள், சைப்பிரசிலிருந்து புகை போட்டு வரும் லட்டாக்கியா என்று காரமும் மணமும் பார்த்துச் சேர்ப்பார்கள். நாடா போல நறுக்கி, ஓரளவு ஈரம் விட்டு வைத்திருப்பார்கள். அந்த ஈரமும் நறுக்கும்தான் கிண்ணத்தில் மெதுவாக எரிய வைக்கின்றன. உதிர்த்த சுருட்டு உலர்ந்த தூளாகி, துளைக்குள் இறங்கி, காய்ந்த ஓலை மாதிரிப் பற்றி எரியும். பழக்கமில்லாதவருக்கு விக்கல் வரும், வியர்க்கும், பிறகு வயிற்றைப் பிரட்டும். அது நிக்கொட்டின் அளவுக்கு மீறி ஏறியதன் அடையாளம். உங்கள் அப்பு அதைத் தாங்கினார் என்றால் அவருடையது அந்தக் காரத்துக்குப் பழகிய உடம்பு.

கேள்வி: மாமனாரின் அலுமாரியைத் துப்புரவு செய்தபோது ஒரு பழைய சுங்கான் கிடைத்தது. வாய்வைக்கும் பகுதி பச்சையும் மண்ணிறமுமாக இருக்கிறது. தண்டில் 'பீற்றர்சன்' என்றும் 'சிஸ்டம்' என்றும் பொறித்திருக்கிறது. இதைத் திருத்தலாமா, அல்லது புதிதாகவே ஒன்று வாங்கலாமா?
– ஒரு வாசகர், பம்பலப்பிட்டி

பதில்: புதிது வாங்கும் பேச்சை மாமியாரின் காதில் போடாதீர்கள். உங்களுக்குக் கிடைத்திருப்பது இந்த இதழில் கடிதம் எழுதிய எல்லோரையும் விட நல்ல முதல் சுங்கான்.

பீற்றர்சன் டப்ளின் நகரத்துக் கம்பனி. சிஸ்டம் என்பது 1890களில் அவர்கள் காப்புரிமை பெற்ற அமைப்பு. கிண்ணத்திலிருந்து வரும் துளைக்குக் கீழே தண்டுக்குள் ஒரு சிறிய கிணறு இருக்கும். ஈரம் அங்கே இறங்கி நிற்கும், வாய்க்கு வராது. வாய்முனையில் துளை நேரே நாக்கைப் பார்க்காமல் மேலண்ணத்தைப் பார்த்துத் திறக்கும். மேலே வெள்ளவத்தை வாசகருக்குச் சொன்ன பைப் கிளீனர் சோதனையில் இந்த வகை பெரும்பாலும் தோற்றுவிடும், கிணற்றுக்குள் போய் முட்டிக்கொள்ளும். அது குறையல்ல, கழற்றித் துடைப்பதற்கென்றே செய்தது.

பச்சையும் மண்ணிறமும் அழுக்கல்ல. அந்தப் பகுதி எபொனைட், அதாவது கந்தகம் கலந்து சூடாக்கிக் கெட்டியாக்கிய இறப்பர். வெயிலும் காற்றும் பட்டால் மேற்பரப்பிலுள்ள கந்தகம் வெளுத்து இந்த நிறம் வரும். 1876இல் கியூ பூங்காவிலிருந்து வந்த இறப்பர்க் கன்றுகளை நட்டது கம்பஹாவிலுள்ள ஹெனரத்கொட தோட்டத்தில். அங்கிருந்து பெருகிய பால் எத்தனை சுங்கான்களின் வாய்க்குழலாகவும் எத்தனை பேனாக்களின் உடலாகவும் ஐரோப்பாவுக்குப் போய்த் திரும்பி வந்ததோ, நான் அந்த நினைப்பில்தான் தேய்க்கிறேன். தண்ணீரில் நனைத்த மிக நுண்ணிய அரத்தாளால், முதலில் 1000, பிறகு 2000 இலக்கத்தால் தேயுங்கள். கடைசியில் ஒரு துணியில் பற்பசை. கருமை திரும்பிவிடும். கொதிநீரில் மட்டும் போடாதீர்கள்: நிறம் இன்னும் கெடும், வளைவும் நிமிரத் தொடங்கும். எபொனைட் சூடு கண்டால் செய்தபோது இருந்த நேர் வடிவத்துக்குத் திரும்பப் பார்க்கும். அதே குணம் உங்களுக்கு உதவவும் செய்யும்; பல் பதிந்த பள்ளம் இருந்தால் நெருப்பை எட்ட வைத்து மெதுவாக அனல் காட்டினால் பள்ளம் எழும்பி வரும். கைப்பழக்கம் இல்லையென்றால் என்னிடம் கொண்டுவாருங்கள்.

உள்ளே துடைக்க வெள்ளை வொட்காவில் நனைத்த பைப் கிளீனர் போதும். மருந்துக்கடையில் வாங்கும் ஸ்பிரிட் வேண்டாம். அதில் குடிக்கக் கூடாத சாமான்கள் கலந்திருக்கும், அவை கட்டையில் ஊறிப் பிறகு உங்கள் வாய்க்கு வரும். சாராயமும் வேண்டாம், மணம் போகாது. கிண்ணத்துக்குள் கரி தடித்திருந்தால் ஒரு மில்லிமீற்றர் அளவு விட்டு மீதியைச் சுரண்டுங்கள். முழுவதையும் சுரண்டி வெறும் கட்டையைக் காட்ட வேண்டாம், அந்தக் கரிப்படைதான் கட்டையைக் காக்கிறது. அதே நேரம் தடிக்க விட்டால் சூட்டில் விரிந்து கிண்ணத்தைப் பிளக்கும்.

பீற்றர்சன் என்ற பெயர் பொறிக்காத பழைய சுங்கான்களைக் கொண்டுவருபவர்களுக்கு ஒரு வார்த்தை. 'புரூயேர் கரான்ட்டி' என்று பிரெஞ்சில் எழுதியிருப்பதைக் கண்டு அதை ஒரு கம்பனியின் பெயராக எண்ணி விலை கேட்கிறார்கள். அது கட்டை பிரையர் என்று மட்டும் சொல்கிறது. மலிவானதிலும் இருக்கும், விலை கூடியதிலும் இருக்கும்.

கேள்வி: என் கணவர் நாளொன்றுக்கு ஒரு பக்கற் சிகரெட் பிடிப்பவர். இப்போது சுங்கானுக்கு மாறப்போவதாகவும், புகையை உள்ளே இழுப்பதில்லை என்பதால் அது தீங்கில்லை என்றும் சொல்கிறார். உங்கள் பத்தியைக் காட்டி என்னை நம்பச் சொல்கிறார். உண்மையா?
– ஒரு வாசகி, பம்பலப்பிட்டி

பதில்: இல்லை, அம்மா. என் பத்தியை அவர் முழுவதும் படிக்கவில்லை.

புகையை உள்ளே இழுக்காவிட்டாலும் அது வாயிலும் தொண்டையிலும் சுழல்கிறது. நிக்கொட்டின் வாயின் உட்சவ்வு வழியாகவே இரத்தத்தில் ஏறும். உதடு, நாக்கு, தொண்டை, உணவுக்குழாய், நுரையீரல் ஆகியவற்றில் வரும் புற்றுநோய்க்குச் சுங்கானும் காரணமாகிறது என்பதில் வைத்தியர்களிடையே கருத்து வேறுபாடு கிடையாது. அதிலும் உங்கள் கணவரைப் போலச் சிகரெட்டிலிருந்து மாறுபவர்கள் பழைய பழக்கத்தில் சுங்கான் புகையையும் நெஞ்சுக்குள் இழுக்கிறார்கள். அப்போது எந்த லாபமும் மிஞ்சுவதில்லை. நம் நாட்டு ஆண்களிடம் மிகக் கூடுதலாகக் காணப்படும் புற்றுநோயே வாய்ப் புற்றுநோய்தான். வெற்றிலையும் புகையிலையும் பாக்கும் சேர்ந்து செய்யும் வேலை. மஹரகம புற்றுநோய் வைத்தியசாலையின் வாசலில் ஒரு காலை நேரம் நின்றவருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. உங்கள் கணவர் வெற்றிலையும் போடுபவரென்றால் நிலைமை இன்னும் மோசம்.

சிகரெட்டை விட வேண்டும் என்று அவர் உண்மையாகவே நினைத்தால் குடும்ப வைத்தியரிடம் போகட்டும். வாயில் மெல்லும் நிக்கொட்டின் பசையிலிருந்து மாத்திரை வரை அதற்கு வழிகள் உண்டு. நான் சுங்கான் திருத்துபவன். திருத்தியதைச் சிலர் பிடிக்கிறார்கள், சிலர் அலுமாரியில் வைத்துப் பார்க்கிறார்கள். சிகரெட்டைக் கைவிடுவதற்கு மருந்தாக நான் எதையும் விற்பதில்லை. இந்தப் பதிலை வெட்டி அவருடைய சட்டைப்பையில் வைத்துவிடுங்கள்.

கேள்வி: தேங்காய்ச் சிரட்டையில் அந்தக் காலத்தில் ஹூக்கா செய்தார்கள். நானே சிரட்டையிலோ கருங்காலியிலோ ஒரு சுங்கான் செய்தால் செலவே இல்லையே?
– ஒரு வாசகர், மட்டக்குளி

பதில்: ஹூக்காவில் சிரட்டை தண்ணீரைத்தான் தாங்கியது, நெருப்பு இருந்தது மேலே வேறு கிண்ணத்தில். சுங்கானில் நெருப்பே கிண்ணத்துக்குள் இருக்கிறது. சிரட்டை மெல்லியது, எண்ணெய் உள்ளது, சூட்டில் வெடிக்கும். கருங்காலி பார்க்க அழகு. ஆனால் எண்ணெய்ப் பசையும் அடர்த்தியும் கொண்ட கட்டை, கிண்ணமாக்கினால் வெப்பத்தில் பிளவு காணும். ஐரோப்பாவில் பிரையர் தவிர ஒலிவ், செரி, பேரி மரங்களிலும் செய்கிறார்கள். நம் ஊர் மரங்களில் எது நெருப்புக்கு அடியில் என்ன சாற்றை விடும் என்று சோதித்துப் பார்ப்பதற்கு உங்கள் நாக்கு சரியான இடமல்ல. கருங்காலித் துண்டு கையில் இருந்தால் அதை விரல் நீளத்துக்குக் கடைந்து, ஒரு முனையைத் தட்டையாக்குங்கள். புகையிலையை அழுத்த அருமையான கருவி.

கேள்வி: வெள்ளைக் கல்லில் செதுக்கிய துருக்கிச் சுங்கான் ஒன்று மலிவாக வருகிறது. முதல் சுங்கானாக வாங்கலாமா?
– ஒரு வாசகர், கொழும்பு 13

பதில்: மீர்ஷாம் என்பார்கள், துருக்கியின் எஸ்கிசெஹிர் பகுதியில் மண்ணுக்கடியிலிருந்து எடுக்கும் செப்பியோலைட் கனிமம். பிடிக்கப் பிடிக்கத் தேன் நிறமாகும், பழக்க வேண்டியதில்லை, சுவைக்கும் குறையில்லை. ஆனால் ஒரு தடவை சீமெந்துத் தரையில் விழுந்தால் கதை முடிந்தது. மலிவாக வருகிறது என்றால் பெரும்பாலும் தூளைக் கலந்து அழுத்திச் செய்ததாக இருக்கும். விட்டுவிடுங்கள்.

கேள்வி: சுங்கானைத் தவிர வேறு என்னென்ன வாங்க வேண்டும்? கடையில் ஒரு தோல் பெட்டிக்குள் எட்டுச் சாமான்கள் வைத்துக் காட்டுகிறார்கள்.
– ஒரு வாசகர், கல்கிசை

பதில்: தோல் பெட்டியைக் கடைக்காரரிடமே விட்டுவிடுங்கள். அழுத்துவதற்கு ஒரு பெரிய ஆணியின் தலையை அரத்தால் தேய்த்து மழுக்கினால் போதும். நெருப்புக்கு நெருப்புப்பெட்டி. குச்சியைத் தட்டியதும் கந்தகம் எரிந்து முடியும்வரை ஒரு கணம் பொறுத்துப் பிறகு கிண்ணத்துக்குக் கொண்டுபோங்கள். தாரைபோலப் பீறிடும் லைட்டர் வேண்டாம், கிண்ணத்தின் விளிம்பைக் கருக்கிவிடும்.

சூடாக இருக்கும்போது வாய்க்குழலைக் கழற்றாதீர்கள். தண்டு பிளந்து என்னிடம் வரும் சுங்கான்களில் பெரும்பாலானவை அப்படிப் பிளந்தவை. ஆறிய பிறகு, ஒரே திசையில் திருகிக் கழற்றுங்கள். பைப் கிளீனரை மட்டும் கஞ்சத்தனம் பார்க்காமல் வாங்குங்கள். பிள்ளைகளின் கைப்பணிக்கு விற்கும் நிறநிறமான பஞ்சுக்கம்பிகள் அதே மாதிரி இருக்கும், விலையும் குறைவு. அவை செயற்கை இழையில் செய்தவை, ஈரத்தை உறிஞ்சாது. பருத்தியில் செய்ததா என்று பக்கற்றைப் பார்த்து வாங்குங்கள்.